பேசோர் ஆற்றங்கரையில் தங்கியவர்கள்



இந்த வாரச் சிந்தனையை ஓர் அறிக்கையோடு தொடங்க வேண்டியவனாயிருக்கிறேன். பிரசங்க பீடத்தில் நின்று நான் சொன்ன ஒரு வார்த்தை, ஒரு சகோதரியின் சரீரத்துக்குக் கேடாக முடிந்தது. அவர்களுடைய அனுமதியைப் பெற்று, பெயரையும் ஊரையும் சொல்லாமல் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஊழியம் செய்த திருச்சபை ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு அருகில் இருந்தது. சபையாரில் பலருக்கு அங்குதான் வேலை. எழுத்தர்கள், ஆய்வக உதவியாளர்கள், நூலகப் பணியாளர்கள், ஓட்டுநர்கள் என்று பேராசிரியர் அல்லாதவர்களே மிகுதி. அவர்களில் ஒருவர் எங்கள் மூப்பர். அவர் பணி ஓய்வு பெற்றபோது சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தோம். 31 ஆண்டுப் பணியில் அவர் ஒருநாள்கூட மருத்துவ விடுப்பு எடுத்ததில்லை என்று அவருடைய மகன் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். உண்மையுள்ள ஊழியக்காரன் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும் என்று கேட்டேன். சிறு தலைவலிக்கெல்லாம் விடுப்புக் கடிதம் எழுதுகிற இக்காலத்தவர் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றேன். சபையார் கைதட்டினார்கள். எனக்கும் அன்று பிரசங்கம் நன்றாக அமைந்ததென்று தோன்றியது.

மூன்றாம் வரிசையில் ஒரு சகோதரி அமர்ந்திருந்தார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் 22 ஆண்டுகளாக வேலை செய்பவர்கள். கணவர் வளைகுடா நாட்டில். வீட்டில் கல்லூரியில் படிக்கும் மகனும் வயதான மாமியாரும். கர்ப்பப்பையில் கட்டிகள் இருக்கின்றன, அறுவைச் சிகிச்சை செய்து ஆறு வாரம் ஓய்வெடுக்க வேண்டும் என்று மருத்துவர் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார். இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த ஆண்டு நவம்பரில், விடைத்தாள் கட்டுகள் அடுக்கியிருந்த அறைக்கு வெளியே, நடைக்கூடத்தில் அவர்கள் மயங்கி விழுந்தார்கள். முதலில் பார்த்தது அந்தத் தளத்தைப் பெருக்கித் துடைக்கும் ஒரு சகோதரி. அவர்களும் எங்கள் சபையார்தான். கடைசி வரிசையில் அமர்கிறவர்கள். முகத்தில் தண்ணீர் தெளித்து, தம் மடியில் தலையைக் கிடத்தி, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனது அவர்கள்தான். பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டிய இரத்த ஹீமோகுளோபின் 6 ஆக இறங்கியிருந்தது. இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள்.

மாலையில் நான் போய் ஜெபித்தேன். பிறகு, "இவ்வளவு நாள் ஏனம்மா ஒருவரிடமும் சொல்லவில்லை?" என்று கேட்டேன். வெகுநேரம் பதில் வரவில்லை. பிறகு சொன்னார்கள்: "மே மாதமே விடுப்பு எழுதலாம் என்று விண்ணப்பத்தை வாங்கி வைத்திருந்தேன், ஐயா. மூப்பர் ஐயாவின் ஆராதனையில் நீங்கள் பேசினீர்களே, அன்று இராத்திரி அதை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டேன். ஒரு சாட்சி கெட்டுப்போகக் கூடாது என்று நினைத்தேன்."

நான் என்ன பதில் சொல்ல முடியும்? என் வேதாகமத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அவர்களுடைய மகனோடு பல்கலைக்கழக நிர்வாகப் பிரிவுக்குப் போனேன். மருத்துவச் சான்றும் விடுப்பு விண்ணப்பமும் மகன் கையில் இருந்தன. அந்தப் பிரிவு அலுவலர் வேறு மதத்தவர். என்னை "ஃபாதர்" என்றே அழைத்தார். சகோதரியின் பணிப்பதிவேட்டை எடுத்து, விடுப்புக் கணக்குப் பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்துக் காட்டினார். "அரைச்சம்பள விடுப்பு 440 நாள் அப்படியே இருக்கிறது, ஃபாதர். இத்தனை வருடத்தில் இந்தப் பக்கத்தை இவர்கள் தொடவே இல்லை" என்றார்.

அன்று அவர் பொறுமையாக விளக்கியதை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். நம்மில் அரசுப் பணியில் இருக்கிறவர்களுக்கே இது சரியாகத் தெரிவதில்லை.

மத்தியப் பல்கலைக்கழகத்தின் அலுவலகப் பணியாளர்களுக்குப் பொதுவாக மத்திய அரசின் 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகளின்படியே விடுப்பு கணக்கிடப்படுகிறது. ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு. அதை 300 நாள்வரை சேர்த்து, ஓய்வு பெறும்போது பணமாகப் பெறலாம். இது எல்லாருக்கும் தெரியும். இதைத்தான் எல்லாரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு அப்பால், ஆண்டுக்கு 20 நாள் அரைச்சம்பள விடுப்பு, ஜனவரியில் பத்தும் ஜூலையில் பத்துமாகக் கணக்கில் ஏறுகிறது. நோயுற்றவர் மருத்துவச் சான்று கொடுத்தால், அதில் இரண்டு நாளைக் கழித்து ஒருநாள் முழுச்சம்பள விடுப்பாக மாற்றித் தருவார்கள். அலுவலகத்தில் அதைக் ‘கம்யூட்டட் லீவ்' என்கிறார்கள். 22 ஆண்டுகளில் சேர்ந்த 440 நாள் என்பது, சம்பளம் குறையாமல் 220 நாள். சகோதரிக்குத் தேவைப்பட்டதோ ஆறு வாரம்.

அந்த 220 நாளைக் கணக்கில் வைத்துக்கொண்டு, அவர்கள் வேதனை தாங்க முடியாத நாட்களில் ஆண்டுக்கு எட்டே நாளான தற்செயல் விடுப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, காரணத்துக்கு "சொந்த வேலை" என்று எழுதிவந்திருக்கிறார்கள்.

விதிகளில் கண்டிப்பும் உண்டு. விடுப்பை உரிமையாகக் கேட்க முடியாது. மருத்துவச் சான்று கையில் இருப்பதாலேயே விடுப்பு கிடைத்துவிடாது. அதை வழங்குவது அதிகாரியின் பொறுப்பு. ஐயம் இருந்தால் இரண்டாவது மருத்துவக் கருத்தைக் கேட்கலாம். குணமாகித் திரும்பும்போது, பணிக்குத் தகுதியானவர் என்ற சான்றைக் கொடுத்த பிறகே சேரமுடியும். சொல்லாமல் நின்றுவிட்டால் சம்பளமும் போகும், ஒழுங்கு நடவடிக்கையும் வரும். ஏமாற்றுகிறவர்கள் இருப்பதால் இந்த வேலிகள் தேவை என்று அலுவலர் சொன்னார். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். நம் சபையிலும் பொய்ச் சான்று வாங்கிக்கொண்டு திருமணத்துக்குப் போகிறவர்கள் இல்லையென்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அப்படிச் செய்கிறவர் உண்மையான நோயாளியின்மேல் சந்தேகத்தை ஏற்றிவிட்டுப் போகிறார் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

விடைபெறும் வேளையில் அந்த அலுவலர் இன்னொன்று சொன்னார். "கணக்கில் ஒன்றுமே இல்லாமல் வியாதி வந்தால்கூட ஒரு வழி இருக்கிறது, ஃபாதர். ‘லீவ் நாட் டியூ' என்று பெயர். இன்னும் சேராத விடுப்பு. இனி வேலை செய்து ஈட்டப்போவதை இப்போதே கொடுத்துவிடுவது." நிரந்தரப் பணியாளருக்கு, திரும்ப வேலைக்கு வருவார் என்ற நம்பிக்கை இருக்குமானால், மருத்துவச் சான்றின்பேரில் பணிக்காலம் முழுவதிலும் 360 நாள்வரை இதை அரைச்சம்பளத்தோடு வழங்கலாம். திரும்பி வந்து வேலை செய்ய, அது கொஞ்சங்கொஞ்சமாகக் கழியும். "திரும்பி வராமலே இறந்துபோனால்?" என்று கேட்டேன். "இறந்தாலும், இனி வேலையே செய்ய முடியாதபடி நோயால் ஓய்வு பெற்றாலும், கொடுத்த சம்பளத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்று விதி இருக்கிறது" என்றார்.

வேதாகமக் கல்லூரியில் கிருபையைக் குறித்து நான் நீண்ட கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். ஈட்டுவதற்கு முன்பே கொடுப்பது, தீர்க்க முடியாமற்போனவனிடம் கேளாமல் விடுவது என்று அவற்றில் எழுதியதை, ஓர் அரசாங்க அலுவலகத்தில் தூசி படிந்த மின்விசிறியின் கீழ், விடுப்பு விதியாகக் கேட்பேன் என்று எண்ணியதில்லை. அரசாங்கத்தின் விதி தன் பணியாளருடைய பலவீனத்துக்கு இடம் வைத்திருந்தது. நான் பிரசங்க பீடத்திலிருந்து அந்த இடத்தை அடைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு நான் எடுத்துக்கொண்ட பகுதி 1 சாமுவேல் 30ஆம் அதிகாரம். தாவீதும் அவனோடிருந்த 600 பேரும் சிக்லாகுக்குத் திரும்பியபோது ஊர் எரிந்து கிடந்தது. அமலேக்கியர் மனைவி மக்களைச் சிறைபிடித்துப் போயிருந்தார்கள். பலமற்றுப்போகுமட்டும் அழுதுவிட்டு, அவர்கள் பின்தொடர்ந்தார்கள். பேசோர் ஆறு வந்தபோது 200 பேரால் அதைக் கடக்க முடியவில்லை. அவர்கள் கோழைகள் என்று வேதம் சொல்லவில்லை. விடாய்த்துப் போனார்கள், அவ்வளவுதான். மற்ற 400 பேர் போய்ப் போரிட்டு எல்லாவற்றையும் மீட்டுக்கொண்டு வந்தார்கள்.

திரும்பி வந்த தாவீது அந்த 200 பேரிடம் முதலாவது செய்தது, அவர்களுடைய சுகத்தை விசாரித்ததே. அதற்குள் உடன்போனவர்களில் சில பொல்லாதவர்கள், எங்களோடே வராதவர்களுக்குக் கொள்ளையில் பங்கு கிடையாது, தங்கள் மனைவி மக்களை மட்டும் அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார்கள். தாவீது இணங்கவில்லை. கர்த்தர் கொடுத்ததை நீங்கள் உங்களுடையதென்று எப்படி நிறுத்திவைப்பீர்கள் என்ற பொருளில் பேசினான். யுத்தத்துக்குப் போனவனுக்கும், மூட்டை முடிச்சுகளோடு கரையில் தங்கினவனுக்கும் சரிபங்கு என்று தீர்த்தான். அன்றைய ஒரு நாளின் இரக்கமாக அதை விட்டுவிடவும் இல்லை. அதை இஸ்ரவேலில் பிரமாணமாகவே ஏற்படுத்தினான். நல்ல மனமுள்ள தலைவன் இருக்கும் நாளில் மட்டும் களைத்தவனுக்குப் பங்கு கிடைத்தால் போதாது. தலைவன் மாறினாலும் கிடைக்க வேண்டுமானால் அது சட்டமாக எழுதப்பட வேண்டும்.

இதைச் சொல்லிவிட்டு, ஜூன் மாதத்தில் நான் பேசியது தவறு என்று சபைக்கு முன்பாக அறிக்கையிட்டேன். ஆராதனை முடிந்தபின் மூப்பர் என்னிடம் வந்தார். அவர் வருத்தப்படுவாரோ என்று அஞ்சியிருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, நானும் எத்தனையோ நாள் காய்ச்சலோடு போயிருக்கிறேன். மேலதிகாரி என்ன எழுதிவைப்பாரோ என்கிற பயத்தினால் போனேன். நீங்கள் அதை விசுவாசம் என்று சொன்னபோது எனக்குக் கூச்சமாக இருந்தது, மறுத்துப் பேச மனம் வரவில்லை" என்றார்.

கதவருகே கடைசியாக நின்றவர்கள், அந்தத் தளத்தைத் துடைக்கும் சகோதரி. அவர்கள் கேட்டதை மறக்க முடியாது: "ஆற்றங்கரையில் உட்கார்ந்தவர்களுக்கும் பங்கு உண்டென்று சொன்னீங்களே ஐயா, எனக்கு ஒருநாள் போகாவிட்டால் அந்த நாள் கூலி இல்லையே. அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்றைக்கும் எனக்கு அரை நாள் பிடித்துவிட்டார்கள்."

அவர்கள் ஒப்பந்தக்காரர் மூலம் வந்த தொழிலாளி. ஒரே கட்டடம், ஒரே நடைக்கூடம். ஆனால் அலுவலர் எனக்குக் காட்டிய விதிகளில் ஒன்றுகூட அவர்களுக்குப் பொருந்தாது. பணிப்பதிவேடு இல்லை. கணக்கில் தூங்கும் 440 நாளும் இல்லை.

அன்று இரவு அதே அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன். காலையில் நான் தாண்டிச் சென்ற வசனங்கள் கண்ணில் பட்டன. பேசோர் ஆற்றைக் கடந்தபின், வயல்வெளியில் ஓர் எகிப்தியப் பிள்ளையாண்டானைக் கண்டுபிடிக்கிறார்கள். அவன் ஓர் அமலேக்கியனுடைய வேலைக்காரன். மூன்று நாளுக்கு முன் வியாதிப்பட்டான். அதனால் எஜமான் அவனை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டான். அப்பமும் தண்ணீரும் அத்திப்பழ அடையும் வற்றலான திராட்சக்குலைகளும் கொடுத்த பிறகுதான் அவனுக்கு உயிர் திரும்பியது. அமலேக்கியர் இருந்த இடத்துக்கு வழிகாட்டினவன் அவனே. வியாதிப்பட்டான் என்று ஒருவன் எறிந்துவிட்டுப் போன வேலைக்காரன் இல்லாமற்போனால், மீட்பும் இல்லை, பங்கிடக் கொள்ளையும் இல்லை. ஒரே அதிகாரத்தில், விதி காத்த 200 பேரும் இருக்கிறார்கள். விதியில்லாத ஒருவனும் இருக்கிறான். நான் 200 பேரை மட்டும் பிரசங்கித்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தேன்.

மறுநாள் அந்தச் சகோதரியின் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தோம். இ.எஸ்.ஐ. என்று ஒரு சிறு தொகை மாதந்தோறும் பிடிக்கப்பட்டிருந்தது. "ஏதோ பிடிக்கிறார்கள்" என்பதற்குமேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஏற்பாடு அது. 21,000 ரூபாய்வரை மாத ஊதியம் பெறும் தொழிலாளியின் ஊதியத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும், வேலை கொடுப்பவரிடமிருந்து நூற்றுக்கு மூன்றேகால் ரூபாயும் சந்தாவாகப் போகிறது. ஆறுமாதச் சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், நோய்க்காலத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றோடு, ஊதியத்தில் 70 விழுக்காட்டை ஆண்டில் 91 நாள்வரை பெறலாம். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு 80 விழுக்காடு வீதம் இரண்டு ஆண்டுவரை உதவி நீளும். அந்த உதவியைப் பெற்றுவரும் நாட்களில் அவரை வேலையைவிட்டு நீக்கவும் கூடாது.

இது முழுச்சம்பளம் அல்ல. அவர்கள் இழந்த அரை நாளை இது திருப்பித் தரவும் இல்லை. ஆயினும் தம் பெயரில் ஒரு காப்பீட்டு எண் இருக்கிறது என்பதை அறிந்தபோது, அவர்கள் அந்தச் சீட்டை இரு கையாலும் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் தம்மோடு வேலை செய்யும் நான்கு பேரை அழைத்து வந்தார்கள். அவர்களில் ஒருவருக்குச் சீட்டே கொடுக்கப்படவில்லை. அவருக்காக ஒப்பந்தக்காரரிடம் பேச, ஓய்வு பெற்ற நம் மூப்பரே புறப்பட்டுப் போனார். இரண்டு மாதம் நடந்தார். மூன்றாம் மாதம் சீட்டு வந்தது.

தேர்வுப் பிரிவுச் சகோதரிக்கு டிசம்பரில் அறுவைச் சிகிச்சை நடந்தது. 45 நாள் விடுப்பில் இருந்தார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வர முடியவில்லை. பாடகர் குழு அவர்கள் வீட்டு வாசலுக்குப் போய்ப் பாடியது. ஜனவரியில் தகுதிச் சான்றோடு வேலையில் சேர்ந்தார்கள். அவர்கள் கணக்கில் இன்னும் 350 நாளும், அந்த மாதம் ஏறிய பத்து நாளும் இருந்தன.

பிரியமானவர்களே, பிலிப்பி சபையாரின் காணிக்கையைப் பவுலிடம் கொண்டுசென்ற எப்பாப்பிரோதீத்து, தான் மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டதைக் காட்டிலும், அது சபையாருக்குத் தெரிந்துவிட்டதே என்று மிகவும் வியாகுலப்பட்டான். நம் நடுவிலும் எப்பாப்பிரோதீத்துக்கள் உண்டு. அவர்கள் சொல்லமாட்டார்கள். அவர்கள் சொல்லக்கூடிய சபையாக நாம் இருக்கவேண்டும்.

ஆகையால் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அரசுப் பணியிலோ பல்கலைக்கழகத்திலோ இருக்கிறவர்கள், இந்த மாதம் உங்கள் விடுப்புக் கணக்கை ஒருமுறை பாருங்கள். மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னால் சான்றோடு எழுதிக்கொடுத்துவிட்டு ஓய்வெடுங்கள். மேலதிகாரிகளாக இருக்கிறவர்கள், நோயுற்றவரின் விண்ணப்பம் மேசைக்கு வரும்போது, தாவீதைப்போல முதலாவது சுகத்தை விசாரியுங்கள். ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்கள் உங்கள் சம்பளச் சீட்டை ஞாயிறு ஆராதனைக்குப் பின் கொண்டுவாருங்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் உங்களோடு உட்காருவார்கள். நம் வீட்டில் பாத்திரம் துலக்க வருகிறவர்களுக்கு எந்த விதியும் எழுதப்படவில்லை. காய்ச்சலென்று அவர்கள் வராத நாளுக்குக் கூலியைப் பிடிக்கிறோமா என்பதை அவரவர் தம் வீட்டில் கேட்டுக்கொள்வோமாக.

ஜெபம்: எங்கள் பலவீனங்களை அறிந்த பிதாவே, களைத்துக் கரையில் தங்குகிறவர்களை நாங்கள் அவமதிக்காதபடி எங்களைக் காத்தருளும். நாங்கள் தாண்டிச் சென்றவர்களைத் திரும்பிப் பார்க்க எங்களுக்குக் கண்களைத் தாரும். எங்கள் வாயின் வார்த்தை ஒருவருக்கும் பாரமாயிராதபடி காவல் வையும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.